வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்க முன்: எந்த வழி நமது லயத்துக்குப் பொருந்தும்?



முன்பெல்லாம் நலன்புரி அலுவலகத்துக்கு வருகிறவர்கள் தண்ணீர் பைப், கூரைத் தகரம், மலசலகூடம் பற்றித்தான் கேட்பார்கள். இன்று அவற்றோடு சேர்த்து இன்னொரு கேள்வியும் வருகிறது. "பிள்ளைக்கு வீட்டில் இன்டர்நெட் போட வேணும், எதை எடுக்கிறது?" என்பதே அது. நல்ல கேள்விதான். ஆனால் பல குடும்பங்கள் இந்தக் கேள்வியைப் பணத்தைக் கட்டி, பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் கேட்கின்றன. டவுனில் கடை வாசலில் மேசை போட்டு விற்கிறவர் சொன்னதை நம்பி வாங்கிய ரவுட்டர், லயத்துக்கு வந்ததும் சிக்னல் பிடிக்காமல் அலுமாரி மேல் தூசி பிடித்துக் கிடப்பதை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட காம்பராக்களில் பார்த்திருக்கிறோம். பெட்டி வேலை செய்யாவிட்டாலும் மாத பில் மட்டும் தவறாமல் வரும்.

இன்டர்நெட் தேவையா என்று யோசித்த காலம் போய்விட்டது. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் எல்லாம் போனுக்குள் போய்விட்டது. ஊவாவில் போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியாகப் பாறை உச்சிக்கு ஏறியதை 2021ல் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. நமது சப்ரகமுவ தோட்டங்களிலும் தேயிலை மலை உச்சியிலும் றோட்டு வளைவிலும் பிள்ளைகள் குந்தியிருந்து படித்தது நமக்குத் தெரியாததல்ல. இன்று சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறும் வேலை விண்ணப்பமும் இன்டர்நெட்டில்தான். கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' பாடங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே எடுப்பதா வேண்டாமா என்பதை விட, எதை எடுப்பது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு இன்டர்நெட் வரும் வழிகள் நான்கு. செம்புக் கம்பி, கண்ணாடி நார், டவரில் இருந்து வரும் 4ஜி, வானத்தில் இருந்து வரும் செய்மதி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் இரண்டு சொற்களை விளங்கிக்கொள்வது நல்லது.

வேகம் வேறு, அளவு வேறு

விளம்பரத்தில் "எம்பிபிஎஸ்" என்று ஒன்றும் "ஜீபி" என்று ஒன்றும் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. நமது பீலிக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். பீலியில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பது எம்பிபிஎஸ். மேலே தொட்டியில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஜீபி. பீலி பெரிதாக இருந்தால் குடம் சீக்கிரம் நிறையும். ஆனால் தொட்டியும் சீக்கிரம் காலியாகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பிள்ளை வீடியோ வகுப்பில் இருக்க 2 எம்பிபிஎஸ் வேகம் போதும். அந்த வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ 900 எம்பி, அதாவது ஒரு ஜீபிக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். மாதம் 20 மணித்தியாலம் வகுப்பு என்றால் 18 ஜீபி. இரண்டு பிள்ளைகள் என்றால் 36 ஜீபி. வகுப்பு நடக்கும்போது வீடியோவை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டால் இதில் சிறு பங்குதான் போகும். ஆனால் அதே வீட்டில் இரவில் படமும் பாட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு பல மடங்காகும்.

இன்னொன்று, சில பொதிகளில் "100 ஜீபி" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே சின்ன எழுத்தில், அதில் பெரும் பங்கு நடு இராத்திரிக்குப் பிறகுதான் பாவிக்கலாம் என்று இருக்கும். விடிய எழும்பி மலைக்குப் போகிற வீட்டில் நடு இராத்திரி டேட்டாவால் என்ன பயன்? ஆகவே பகல் நேரத்துக்கு எத்தனை ஜீபி என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது வழி: செம்புக் கம்பி

முந்திய காலத்தில் தோட்டத்தில் தொரை பங்களாவிலும் ஆபீசிலும் மட்டுமே போன் இருந்தது. அந்தப் போன் கம்பி செம்பினால் ஆனது. அதே கம்பியில் பேச்சோடு சேர்த்து இன்டர்நெட்டையும் அனுப்பும் முறைக்கு ஏடிஎஸ்எல் என்று பெயர். பேச்சு ஒரு அலையிலும் டேட்டா வேறு அலையிலும் போகும். இரண்டையும் பிரிக்கச் சிறு பெட்டி ஒன்றைச் சுவரில் பூட்டுவார்கள்.

இதன் பெரிய குறை தூரம். டெலிகொம் நிலையத்தில் இருந்து கம்பி நீள நீள வேகம் குறையும். நிலையத்துக்குப் பக்கத்தில் 20 எம்பிபிஎஸ் கிடைத்தாலும், ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும். நமது தோட்டங்கள் டவுனில் இருந்து எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். கம்பி இணைப்புக்குள் மழைத் தண்ணீர் போனால் பேச்சில் இரைச்சல் கேட்கும், இன்டர்நெட் அறுந்து அறுந்து வரும். செம்புக்கு விலை இருப்பதால் கம்பியைக் களவாக வெட்டிக்கொண்டு போவதும் உண்டு. டெலிகொம் கம்பனியே இப்போது செம்பைக் கைவிட்டு நாருக்கு மாறி வருகிறது. ஆகவே புதிதாக எடுக்கிறவர்கள் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள், நமது றோட்டுக்கு நார் எப்போது வரும் என்று விசாரித்து வையுங்கள்.

இரண்டாவது வழி: கண்ணாடி நார்

இதைத்தான் "பைபர்" என்று சொல்கிறார்கள். தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி நாருக்குள் வெளிச்சம் ஓடுகிறது. கரண்ட் ஓடுவதில்லை. வெளிச்சம் தூரம் போனாலும் அவ்வளவாகக் களைப்பதில்லை. ஆகவே டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கும் பல கிலோமீற்றர் தள்ளி இருக்கிறவருக்கும் ஏறத்தாழ ஒரே வேகம் கிடைக்கும். 100 எம்பிபிஎஸ் கொடுப்பதும் இதற்குச் சின்ன வேலை. மழைக்கும் பனிக்கும் பயமில்லை. கண்ணாடி என்பதால் மின்னல் இந்த நார் வழியாக வீட்டுக்குள் வராது.

குறைகளும் உண்டு. மரம் முறிந்து நார் அறுந்தால் செம்புக் கம்பியைப் போல் முறுக்கிக் கட்ட முடியாது. அதற்கென்று உள்ள இயந்திரத்தால் ஒட்ட வேண்டும். வீட்டுப் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு லைட் எரிந்தால் வெளிச்சம் வரவில்லை, நார் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ரவுட்டரைத் திரும்பத் திரும்ப ஒப் பண்ணி ஒன் பண்ணுவதில் பலனில்லை, கம்பனிக்கு அறிவிக்க வேண்டியதுதான். வீட்டுக்குள் வரும் நாரை ஆணியில் வளைத்து மாட்டாதீர்கள், கதவிடுக்கில் நசுக்காதீர்கள். கண்ணாடி கண்ணாடிதான்.

நமக்கு முக்கியமான கேள்வி நார் எதுவரை வந்திருக்கிறது என்பதே. பெரிய றோட்டு ஓரத்தில் உள்ள டிவிஷன்களுக்கு வாய்ப்பு அதிகம். மேல் மலை டிவிஷன்களுக்குத் தூண் நட்டுத்தான் கொண்டு வர வேண்டும். தூண் தேயிலை மலைக்குள்ளால் போவதானால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு வீட்டுக்காகத் தூண் நட கம்பனி இலேசில் சம்மதிக்காது. பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். இப்படிக் கடிதம் எழுதுவதற்கும் நிர்வாகத்திடம் பேசுவதற்கும் நலன்புரி உத்தியோகத்தரிடம் உதவி கேட்கலாம்.

மூன்றாவது வழி: டவரில் இருந்து வரும் 4ஜி

2005க்குப் பிறகு பல லயங்களில் சிடிஎம்ஏ போன் இருந்தது ஞாபகம் இருக்கும். கம்பி இல்லாமல், சின்ன அன்டனாவோடு மேசையில் இருந்த போன் அது. இன்றைய 4ஜி ரவுட்டர் அதன் பேரப்பிள்ளை மாதிரி. உள்ளே ஒரு சிம் இருக்கும். டவரில் இருந்து வரும் அலையைப் பிடித்து வீட்டுக்குள் வைபையாகக் கொடுக்கும். தூண் வேண்டாம், கம்பி வேண்டாம், வாங்கிய அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம். தோட்டங்களில் பெரும்பாலானவர்கள் எடுப்பது இதைத்தான்.

இலங்கையில் இப்போது டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் ஆகியவை இந்தச் சேவையில் இருக்கின்றன. எயார்டெல் 2024ல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2020ல் 'கமட்ட சன்னிவேதனய' என்ற கிராமத் தொடர்பாடல் திட்டத்தைத் தொடங்கியபோது, டவர் குறைந்த இடங்களுக்கு டவர் போட முதலில் எடுத்த மாவட்டம் நமது இரத்தினபுரிதான். அப்படி இருந்தும் எல்லா மடுவுக்கும் சிக்னல் வந்துவிடவில்லை. காரணம் நமது நில அமைப்பு. இந்த அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். இடையில் ஒரு மலை முகடு நின்றால் டவர் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கங்களில் ஒரே தோட்டத்தில் மேல் லயத்தில் நான்கு கோடு சிக்னலும் கீழ் லயத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருப்பது இதனால்தான். அடர்ந்த றப்பர் மரங்களும் தகரக் கூரையும் அலையை இன்னும் மறைக்கும்.

அடுத்தது, டவரில் உள்ள வேகத்தை எல்லோரும் பங்கு போடுகிறோம். காலையில் பீலிக்கரையில் எல்லோரும் குடத்தோடு வந்து நிற்பது போல, இரவு 7 மணியில் இருந்து 10 மணி வரை எல்லோரும் ஒரே டவரில் வந்து நிற்கிறார்கள். பகலில் பறக்கும் இன்டர்நெட் அந்த நேரம் நொண்டுவது அதனால்தான்.

ரவுட்டரை அலுமாரிக்குள்ளோ டீவிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். டவர் இருக்கும் பக்கத்து ஜன்னல் ஓரத்தில் உயரமாக வையுங்கள். சில ரவுட்டர்களில் வெளி அன்டனா பூட்டும் வசதி இருக்கும். தகரக் கூரை வீட்டுக்கு அப்படிப்பட்டதை வாங்குவது புத்தி. ஒரே ஒரு பிள்ளை, மாதத்துக்குக் கொஞ்ச நேரம்தான் வகுப்பு என்றால் ரவுட்டரே தேவைப்படாமல் போகலாம். போனில் உள்ள ஹொட்ஸ்பொட்டைத் திறந்துவிட்டால் போதும்.

நான்காவது வழி: செய்மதி

வானத்தில் சுற்றும் செய்மதியில் இருந்து நேராக வீட்டுத் தட்டுக்கு இன்டர்நெட் வருவது இது. பழைய முறையில் செய்மதி பூமியில் இருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும். அவ்வளவு தூரம் போய் வருவதால் ஒரு கேள்விக்குப் பதில் வர அரை விநாடி அளவு தாமதமாகும். பேச்சு இடறும். ஸ்டார்லிங் என்ற புதிய சேவையின் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திலேயே கூட்டமாகச் சுற்றுவதால் அந்தத் தாமதம் தெரிவதில்லை. இதற்கு இலங்கையில் 2024 ஓகஸ்டில் அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டது. 2025 ஜூலையில் சேவை ஆரம்பமானது.

டவரும் நாரும் இல்லாத மலைக்கு இது நல்ல வழிதான். ஆனால் ஆரம்பித்த நேரத்தில் கருவிக்கு மட்டும் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல், மாதக் கட்டணம் பத்தாயிரத்துக்கு மேல். கரண்ட் செலவும் உண்டு. தட்டு ஏறத்தாழ 75 வாட்ஸ் இழுக்கும் என்று வைத்தால், இரவு பகலாக ஓடும்போது நாளைக்கு 1.8 யூனிட், மாதத்துக்கு 54 யூனிட். சாதாரண ரவுட்டர் ஒன்று மாதம் 7 யூனிட் அளவுதான் எடுக்கும். தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும், மரக்கிளை மறைக்கக் கூடாது. ஆகவே தனிக் குடும்பத்துக்கு இது தாங்காது. தோட்டப் பாடசாலை, வாசிகசாலை, பிள்ளைக்காம்பரா போன்ற பொது இடத்துக்கு யாராவது உதவி செய்ய முன்வந்தால் யோசிக்கலாம்.

பணம் கட்ட முன் செய்ய வேண்டியவை

1. ரவுட்டர் வாங்க முன், அந்தந்தக் கம்பனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உங்கள் காம்பராவுக்குள்ளேயே போனில் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். பகலில் ஒருமுறை, இரவு 8 மணிக்கு ஒருமுறை, மழை நாளில் ஒருமுறை. இஸ்தோப்பில் கிடைக்கும் சிக்னல் உள்ளே கிடைக்காமல் போகலாம்.

2. மாதக் கட்டணத்தை ஒரு நாள் சம்பளத்தால் பிரித்துப் பாருங்கள். மாதத்தில் எத்தனை பேர் இன்டர்நெட்டுக்கே போகிறது என்று தெரியும். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைக்கு மேல் வரி எவ்வளவு வரும் என்றும் கேளுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் இருந்து நூற்றுக்கு 18.

3. பில் வரும் இணைப்பா, முற்பணம் போடும் இணைப்பா என்று தீர்மானியுங்கள். மழை மாதத்தில் பால் வெட்டு நின்று பேர் குறையும் றப்பர் தோட்டத்துக் குடும்பங்களுக்கு முற்பணம் போடுவதே பாதுகாப்பு. பணம் இல்லாத மாதம் போடாமல் விடலாம், கடன் ஏறாது. அப்படி விட்டால் சிம் எத்தனை நாளில் செயலிழக்கும் என்பதை மட்டும் கேட்டு வையுங்கள்.

4. ஒப்பந்தம் எத்தனை மாதம், இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும், ரவுட்டர் நமக்குச் சொந்தமா, திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். வாய்ப் பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள். சிங்களமோ இங்கிலீஷோ விளங்காவிட்டால் கையெழுத்துப் போட முன் படித்த பிள்ளையிடமோ எங்களிடமோ காட்டுங்கள்.

5. லயத்து வீட்டுக்கு விலாசம் உறுதிப்படுத்துவது சிலருக்குக் கஷ்டமாக இருக்கும். என்ன ஆவணம் தேவை என்று முதலில் கேட்டு, கிராம உத்தியோகத்தர் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைத்தால் இரண்டு முறை டவுனுக்கு அலைய வேண்டியிராது. வேலை நாளில் அலைந்தால் அரைப்பேர் போய்விடும்.

பங்கு போட்டு எடுக்கலாமா?

நான்கு வீடு சேர்ந்து ஒரு ரவுட்டர் என்ற யோசனையைப் பலர் கேட்கிறார்கள். செலவு குறையும். ஆனால் வைபை அலை இரண்டு மூன்று காம்பரா தாண்டினால் மெலிந்துவிடும். இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் பில்லுக்குப் பொறுப்பு. அதில் யாராவது தகாத காரியம் செய்தாலும் முதலில் விசாரிக்கப்படுபவர் அவரே. ஒருவர் படம் பார்த்துத் தொட்டியைக் காலி பண்ணினால் மற்றப் பிள்ளைகளின் வகுப்பு நின்று போகும். உறவுகள் இதனால் முறிந்ததும் உண்டு. ஆகவே சேர்ந்து எடுப்பதானால் யார் எவ்வளவு கொடுப்பது, எந்த நேரம் படிப்புக்கு மட்டும் என்று பேசி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கம்பனி விதிகளில் இதற்கு இடமுண்டா என்றும் கேளுங்கள். இலாபத்துக்கு விற்கக் கூடாது. கடவுச்சொல்லை லயம் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டாம்.

மின்னலும் கரண்ட் கட்டும்

சப்ரகமுவவில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். வானம் கறுக்கும்போதே ரவுட்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. நார் வழியாக மின்னல் வராவிட்டாலும் கரண்ட் வயர் வழியாக வரும். வெளி அன்டனா பூட்டினால் நில வயரோடு, தெரிந்த ஆளைக் கொண்டே பூட்டுங்கள். இடி நேரத்தில் அதைத் தொட வேண்டாம்.

நாரோ 4ஜியோ, கரண்ட் போனால் ரவுட்டர் நிற்கும். 2022ல் நீண்ட நேரக் கரண்ட் வெட்டு இருந்த காலத்தில் பலர் 'மினி யூபிஎஸ்' என்ற சிறு பற்றரிப் பெட்டி வாங்கினார்கள். அது ரவுட்டரைச் சில மணித்தியாலம் ஓட்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் மண்சரிந்ததையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்ததையும் நாம் கண்டோம். டித்வா நேரம் பல இடங்களில் கரண்டும் போனும் ஒன்றாகவே நின்றன. இன்டர்நெட்டில் எச்சரிக்கை வரும் என்று காத்திருக்கக் கூடாது. பற்றரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். நிலத்தில் வெடிப்புக் கண்டால், ஊற்று நீர் திடீரென்று கலங்கினால் யாரையும் கேட்காமல் இடத்தை விட்டு எழும்புங்கள்.

குறை இருந்தால் எங்கே சொல்வது?

முதலில் கம்பனிக்கு அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திகதியையும் பேசியவர் சொன்னதையும் குறித்து வையுங்கள். அவர்கள் கவனிக்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு முறையிடலாம். இது நமது உரிமை. தோட்டத்து ஆள் என்று தயங்க வேண்டியதில்லை. டவுன்காரர் கட்டும் அதே பணத்தைத்தான் நாமும் கட்டுகிறோம்.

சுருக்கமாகச் சொன்னால், நார் வந்திருக்கும் டிவிஷனில் நாரை எடுங்கள். வராத இடத்தில், காம்பராவுக்குள் சோதித்துப் பார்த்து 4ஜி எடுங்கள். 4ஜியும் எட்டாத மடுவில் உள்ளவர்கள் தனித்தனியாகப் பணத்தைக் கொட்டாமல், ஒன்றுகூடி நார் கேட்டோ டவர் கேட்டோ மனுக் கொடுங்கள். அதுவரை தோட்ட வாசிகசாலையிலோ பாடசாலையிலோ ஒரு பொது இணைப்பு வைக்க நாம் எல்லோரும் முயற்சி செய்வோம்.

பிள்ளை படிக்க வேண்டும் என்றுதான் இந்தச் செலவு. வாங்கிய இன்டர்நெட் படிப்புக்குப் போகிறதா, நேரம் கொல்லப் போகிறதா என்று பார்ப்பது பெற்றோர் பொறுப்பு. ரவுட்டர் படுக்கும் இடத்தில் அல்ல, எல்லோரும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் பெரட்டு முடிந்து நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வருவதை விட, போட முன் வருவது எல்லோருக்கும் நல்லது.